தங்க முனைக் கேபிள்

துணிகளைத் துவைக்கப் போடுவதற்கு முன்னால் டெஸ்ஸின் கால்சட்டைப் பைகளைத் துழாவிப் பார்ப்பது கிளெனிஸுக்குக் கல்யாணமான நாளிலிருந்து பழக்கம். இந்த நாற்பத்தாறு வருஷத்தில் அவள் கையில் என்னென்னவோ அகப்பட்டிருக்கின்றன. ஆணி, தூண்டில் முள், பாதி தின்ற இறைச்சிப் பாஸ்டி, ஒரு தடவை உயிரோடு ஒரு பல்லி. அன்றைக்கு அகப்பட்டது நான்காக மடித்த ஒரு ரசீது.

விரித்துப் படித்தாள். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னொரு தரம் படித்தாள். எச்.டி.எம்.ஐ. கேபிள், ஒன்றரை மீட்டர், தங்க முனை. ஏப்ரல் ஆறாம் தேதி. முந்நூற்று இருபத்தொன்பது டாலர்.

“டெஸ்!”

தெற்கு ஆஸ்திரேலியாவின் கடினா ஊரில் அந்தத் தெருவுக்கே பழக்கமான கூப்பாடு அது. எதிர்வீட்டு நாய் கூடத் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. டெஸ் பின்கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றான். எழுபத்து மூன்று வயது, ஆறடி உயரம், திட்டு வாங்கும்போது மட்டும் ஐந்தரை அடி.

“என்ன இது?”

“ரசீது.”

“ரசீதுன்னு எனக்கும் தெரியுது. எதுக்கு ரசீது?”

“ஒயருக்கு. டி.வி.க்கும் அந்தச் சேனல் பெட்டிக்கும் நடுவுல போற ஒயர்.”

“முன்னூத்தி இருபத்தொம்பது டாலருக்கு ஒயரா? அதை வெச்சு என்ன பண்ணப் போற, வாலரூ துறைமுகத்துல கோதுமைக் கப்பலைக் கட்டி இழுக்கப் போறியா?”

“படம் சரியா வரல கிளென். நடுவுல அழுக்கா தெரியுது. கோல் கம்பமெல்லாம் நெளியுது. கடைக்காரன்கிட்ட சொன்னேன். கேபிள்தான் காரணம்னான். முதல்ல வாங்கின எண்பத்தொம்பது டாலர் கேபிள்லயும் சரியா வரல, அதனாலதான்…”

சொல்லி முடிப்பதற்குள் தன் வாயாலேயே மாட்டிக்கொண்டது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

“எந்த எண்பத்தொம்பது?”

அந்த இன்னொரு ரசீது காரின் முன்பக்கப் பெட்டியில் இருந்தது. மார்ச் பதினாறாம் தேதி. கிளெனிஸ் இரண்டையும் சமையல் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நானூற்றுப் பதினெட்டு டாலர். டி.வி. வாங்கியபோது பெட்டியோடு சும்மா கொடுத்த கேபிள் ஒன்று இருந்தது, அது இழுப்பறையில் தூங்குகிறது.

கிளெனிஸ் சாதாரணப்பட்ட ஆள் இல்லை. வாலரூ கோதுமைக் கிடங்கின் எடைமேடையில் இருபத்தெட்டு அறுவடைக்காலம் உட்கார்ந்தவள். லாரி உள்ளே வரும்போது ஒரு எடை, கொட்டிவிட்டு வெளியே போகும்போது ஒரு எடை. வரும்போது மச்சானை லாரிக்குள் படுக்கவைத்து எடையை ஏற்றிவிட்டு, போகும்போது அவனைச் சத்தமில்லாமல் இறக்கிவிட்ட விவசாயியைப் பிடித்தவள் அவள். தண்ணீர் டிரம்மை வைத்தவனையும் பிடித்தாள். ஏமாற்றுகிறவனைக் கண்டால் அவளுக்கு உடம்பெல்லாம் எரியும். ஏமாறுகிறவனைக் கண்டால் அதைவிட எரியும், அதுவும் அவன் தன் வீட்டுக்குள்ளேயே செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தால்.

நேராக நெவ்வுக்கு ஃபோன் போட்டாள். நெவ் அந்த வட்டாரத்தில் முப்பது வருஷம் கூரைமேல் ஏறி ஆன்டெனா கட்டியவன். இப்போது முழங்கால் போய்விட்டது, வாய் மட்டும் போகவில்லை.

“முன்னூத்தி இருபத்தொம்பதா?” என்று சிரித்தான். “கிளெனிஸ், இது பழைய காலத்து டி.வி. இல்ல. அந்தக் காலத்துல சிக்னல் கெட்டா படம் மங்கும், புள்ளி விழும், ஆளெல்லாம் ரெண்டு ரெண்டா தெரியும். இப்போ அதெல்லாம் கிடையாது. ஒண்ணு படம் வரும், இல்ல வராது. கெட்ட கேபிள்னா கட்டம் கட்டமா உடையும், இல்லாட்டி இருட்டாயிடும். வருதுன்னா, ஒம்பது டாலர் கேபிள்ல வர்ற படமும் தொள்ளாயிரம் டாலர் கேபிள்ல வர்ற படமும் ஒரே படம்தான். ஒன்றரை மீட்டருக்கு என்ன தங்கம் வேண்டிக்கிடக்கு?”

ஒண்ணு வரும், இல்ல வராது. அந்த வாக்கியம் கிளெனிஸுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எடைமேடையும் அப்படித்தான்.

“ஞாயித்துக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வா நெவ். சாட்சிக்கு ஒரு ஆள் வேணும்.”

ஞாயிற்றுக்கிழமை நெவ் வந்தான். டெஸ்ஸைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்தாள். திரைக்குக் கீழே, பெட்டியை மறைத்துப் படுக்கை விரிப்பு ஒன்றைத் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் மண்டியிட்டுக்கொண்டாள். திரையில் முந்தின நாள் ஃபுட்டி ஆட்டத்தின், நான்கு கோல் கம்பம் நட்டு ஆடும் அந்த நாட்டுக் கால்பந்தின், பதிவு ஓடியது. பெட்டியோடு வந்த ஓசிக் கேபிள் ஒன்று, தங்க முனைக் கேபிள் ஒன்று. பத்து முறை மாற்றி மாற்றிச் சொருகுவாள். எது எது என்று டெஸ் சொல்ல வேண்டும். பழைய தபால் உறை ஒன்றின் பின்புறம் கோடு போட்டு வைத்திருந்தாள்.

“இது?”

“தங்கம்னு நினைக்கிறேன்.”

“இது?”

“இதுவும்… இரு. தெரியல. தங்கம்.”

“தெரியலங்கிற பதில் கிடையாது. அடுத்தது. இது?”

“கிளென், ரெண்டுலயும் கம்பம் நெளியத்தான் செய்யுது.”

“நெளியுறது கம்பம் இல்ல, உன் பர்ஸ். பதிலைச் சொல்லு.”

நெவ் விழுந்து விழுந்து சிரித்தான். “கம்பம் நாலும் நேராத்தானேடா நிக்குது! கண்ணைத் தொடச்சுட்டுப் பாரு டெஸ். இல்ல, மத்தியானமே பீர் ஏறிடுச்சா?”

டெஸ்ஸும் கொஞ்சம் சிரித்தான். கடைசியில் பத்துக்கு நான்கு. காசைச் சுண்டிப் போட்டுச் சொல்லியிருந்தால் கூட இதைவிட நன்றாக வந்திருக்கும் என்று நெவ் சொன்னான். கிளெனிஸ் விரிப்புக்குப் பின்னாலிருந்து தலையில் ஒட்டடையோடு எழுந்து வந்து, அந்தத் தபால் உறையை டெஸ்ஸின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“பார்த்தியா? நாலு! எந்தக் கேபிள் எதுன்னு கூட உனக்குத் தெரியல. கடைக்காரன் தலையில மிளகாய் அரைச்சா, சூடு தெரியாம உட்கார்ந்திருக்க. இனிமே என்கிட்ட கம்பம் நெளியுது, மனுஷன் மங்குறான்னு ஒரு வார்த்தை பேசக் கூடாது.”

டெஸ் அந்த உறையைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “சரி கிளென், நீ சொன்னா சரி,” என்றான்.

திங்கட்கிழமை காலை கடை திறக்கும்போதே கிளெனிஸ் வாசலில் நின்றாள். பெரிய தெருவில், ரொட்டிக் கடைக்கும் கண் கண்ணாடிக் கடைக்கும் நடுவில் இருக்கும் டி.வி. கடை. விற்பவன் பெயர் டேரில். நாற்பத்தைந்து வயது, பளிச்சென்ற சட்டை, அதைவிடப் பளிச்சென்ற பல்.

“திறந்த கேபிளைத் திரும்ப எடுத்துக்க முடியாது கிளெனிஸ். எழுதியே போட்டிருக்கோம் பாருங்க.”

“பொய் சொல்லி வித்ததை எடுத்துக்கலாம்னு எங்கயாவது எழுதியிருக்கா?”

“யாரும் பொய் சொல்லல. ரெண்டாயிரம் டாலர் டி.வி. வெச்சிருக்கீங்க. நல்ல காருக்கு மட்டமான பெட்ரோல் ஊத்துவீங்களா?”

“பெட்ரோல் எரிஞ்சு தீரும். இது ஒயரு!”

அவன் அசையவில்லை. கிளெனிஸும் அசையவில்லை. அன்றைக்குத் தொடங்கியது அந்தப் போர். அடிலெய்டில் இருக்கும் நுகர்வோர் அலுவலகத்துக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினாள். உள்ளூர்ப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினாள், அவர்கள் அதை நடுப்பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டார்கள். ‘ஒன்று படம் வரும், இல்லையென்றால் வராது. கேபிளால் படத்தை அழகாக்கவும் முடியாது, அசிங்கமாக்கவும் முடியாது. இது தெரிந்தே நம் ஊர் வயதானவர்களிடம் வழிப்பறி செய்கிறார்கள்.’ அந்தப் பக்கத்தை வெட்டி ரொட்டிக் கடையில் ஒட்டினாள், புல்வெளிப் பந்துக் கிளப்பில் ஒட்டினாள், நூலகத்தில் ஒட்டப் போனபோது நூலகப் பெண்மணி தானே பசையை எடுத்துக் கொடுத்தாள். ஏனென்றால் அவளும் நூற்று நாற்பது டாலருக்கு ஒன்று வாங்கியிருந்தாள்.

ஊரில் பாதிப் பேர் வீட்டில் அந்தச் சனியன் இருந்தது. வெளியில் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இருந்தவர்கள் எல்லாரும் இப்போது கிளெனிஸை நடுத்தெருவில் நிறுத்திப் பேசினார்கள். “விடாத கிளெனிஸ்!” என்றார்கள். அவள் விடுவதாக இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும், கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்துக் கடைக்குப் போய் நின்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு காலையில் எழும்போதே செய்வதற்கு ஒரு வேலை இருந்தது. நியாயம் நம் பக்கம் இருந்து, ஊரும் நம் பக்கம் இருந்தால் அதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. அவள் அதை மறைக்கவும் இல்லை.

அந்தச் சுகத்துக்கு நடுவில் வீட்டில் டெஸ் மட்டும் எரிச்சலைக் கிளப்பினான். காலையில் பத்திரிகையின் குறுக்கெழுத்தைப் போடுவதை நிறுத்திவிட்டான். கேட்டால், “அச்சு சரியில்ல,” என்றான். தேநீரைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றினான், மேஜைத் துணி நாசம். கிளப்பில் பந்து உருட்டப் போவதில்லை. அவளிடம் பேசும்போது நேரே பார்க்காமல் ஓரக்கண்ணால் பார்த்தான். கார்ச் சாவியை அவள் கையில் கொடுத்து, “நீயே ஓட்டு, எனக்கு இடுப்பு பிடிச்சிருக்கு,” என்றான். ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் டி.வி.யை அணைத்துவிட்டுச் சமையலறையில் ரேடியோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“கோவமா? ஒயரைப் பிடுங்கிட்டேன்னு கோவமா?” என்று ஒரு நாள் கேட்டாள்.

“கோவமெல்லாம் இல்ல. ரேடியோவுல நல்லா சொல்றான்.”

“சின்னப் பிள்ளை மாதிரி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காத. உனக்காகத்தான் நான் ஊர் ஊரா சண்டை போட்டுட்டு இருக்கேன்.”

“தெரியும் கிளென்,” என்றான் டெஸ்.

மே இருபத்தைந்தாம் தேதி, சனிக்கிழமை, கடையில் நல்ல கூட்டம். புதிதாகக் குடித்தனம் போட்ட ஓர் இளஞ்ஜோடி பெரிய டி.வி. ஒன்றைப் பேசி முடித்துவிட்டு நின்றது. டேரில் அவர்களை ஒரு மூலைக்கு அழைத்துக்கொண்டு போனான். அங்கே ஒரே மாதிரி இரண்டு டி.வி.க்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தன. இடது பக்கத்தில் ‘சாதாரண கேபிள்’ என்று அட்டை. வலது பக்கத்தில் ‘தங்க முனை’. இடது பக்கக் கடல் கழுநீர் மாதிரி இருந்தது. வலது பக்கக் கடலைப் பார்த்தால் இறங்கிக் குளிக்கலாம்.

“நீங்களே பாருங்க,” என்றான் டேரில். “நான் ஒண்ணும் சொல்ல வேணாம். உங்க கண்ணே சொல்லும்.”

கிளெனிஸ் பின்னாலிருந்து வந்தாள். அறுபத்தொன்பது வயதில் அவ்வளவு வேகமாக அவள் குனிந்ததில்லை. இரண்டு டி.வி.க்கும் பின்னால் கையை விட்டு, இரண்டு கேபிளையும் பிடுங்கினாள். திரைகள் இருண்டன. சாதாரணத்தை வலது பக்கம் சொருகினாள். தங்கத்தை இடது பக்கம் சொருகினாள். திரைகள் வெளிச்சமாயின.

இடது பக்கத்தில் அதே கழுநீர். வலது பக்கத்தில் அதே நீலக்கடல்.

“ஐயய்யோ,” என்றாள் கிளெனிஸ். “தங்கம் இடம் மாறிடுச்சு, கடல் மாறலயே! டேரில், உன் தங்கத்துக்கு என்ன ஆச்சு?”

அந்த இளம்பெண் விவரமானவள். இடது பக்க டி.வி.யின் ரிமோட்டை எடுத்து, படத்தின் அமைப்புகளைத் திறந்து பார்த்தாள். வெளிச்சத்தையும் நிறத்தையும் பாதிக்குக் கீழே இறக்கி வைத்திருந்தார்கள். அவள் அதை உயர்த்தினாள். கழுநீர் கடலாயிற்று.

கடையில் ஒருவர் கை தட்டினார். இன்னொருவர், “த்தூ!” என்றார். இளஞ்ஜோடி டி.வி.யையே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிற்று. டேரிலின் கழுத்து காதுவரை சிவந்தது. கல்லாவுக்குப் போனான். அவளுடைய இரண்டு ரசீதுகளையும் வாங்கி, ‘பணம் திருப்பப்பட்டது’ என்று முத்திரை குத்தி, நோட்டுகளோடு சேர்த்து நீட்டினான்.

“நானூத்திப் பதினெட்டு. எண்ணிக்கங்க. இனிமே இந்தப் பக்கம் வராதீங்க.”

அப்படியே வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் ஆறு வாரம் சேர்த்து வைத்த கோபம், ஜெயித்தவுடன் அடங்கிவிடுமா?

“உனக்கு வெக்கமே கிடையாதா டேரில்? எழுபத்தி மூணு வயசு மனுஷன், கம்பம் நெளியுதுன்னு உன்கிட்ட வந்து நிக்கிறான். அவன் தலையில எண்பத்தொம்பதைக் கட்டின. சரியாகலன்னு திரும்ப வந்தா முன்னூத்தி இருபத்தொம்பதைக் கட்டின. உன் தங்கத்தைப் போட்டும் அவனுக்குக் கம்பம் நெளிஞ்சுட்டுத்தான் இருந்துது, தெரியுமா?”

டேரிலுக்கும் பொறுமை போய்விட்டது. “கேபிளால கம்பத்தை வளைக்க முடியாது கிளெனிஸ்! உலகத்துல எந்தக் கேபிளாலயும் முடியாது. ஒண்ணு படம் வரும், இல்ல வராது. நீங்களேதானே பேப்பர்ல எழுதி ஊரெல்லாம் ஒட்டியிருக்கீங்க?”

“அது தெரிஞ்சும் ஏண்டா வித்த?”

“அவர் வந்து கேட்டார். நான் குடுத்தேன்.”

கிளெனிஸ் நோட்டுகளை எண்ணத் தொடங்கினாள். பாதியில் எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

எந்தக் கேபிளாலும் கம்பத்தை வளைக்க முடியாது. டி.வி.யும் வளைக்கவில்லை. அன்றைக்கு நெவ் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது நான்கு கம்பமும் நேராக நின்றன. விரிப்பின் ஓரத்திலிருந்து அவள் எட்டிப் பார்த்தபோதும் நேராகத்தான் நின்றன. அதே அறை, அதே திரை, அதே நிமிஷம். ஒரே ஓர் ஆளுக்கு மட்டும் நெளிந்தது.

நோட்டுகளையும் ரசீதுகளையும் அள்ளிப் பைக்குள் திணித்துக்கொண்டு வெளியே வந்தாள். யாரோ “சபாஷ் கிளெனிஸ்!” என்று தோளைத் தட்டினார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. காரைக் கிளப்பினாள். அந்தப் பாவி தெரிந்தே விற்றிருக்கிறான் என்று முதல் நாற்சந்தி வரை டேரிலைத் திட்டினாள். இரண்டாவது நாற்சந்தியில் அவளுக்கே தோன்றியது. எனக்கும்தானே தெரியும். அவனாவது காசுக்காகத் தெரியாத மாதிரி இருந்தான். நான் எதற்காக இருந்தேன்?

டெஸ் சமையலறையில் ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஆட்டம் இன்னும் தொடங்கவில்லை, யாரோ வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். கிளெனிஸ் ரேடியோவை அணைத்தாள். அவன் கையைப் பிடித்து எழுப்பிப் பின்கதவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். ஈ வராமல் வலையடித்த கதவு, நெட்டுக்குத்தாகக் கம்பிகள் வைத்தது. அவனே செய்து மாட்டியது.

“வலது கண்ணைப் பொத்திக்க. அந்தக் கம்பியைப் பாரு. எப்படி இருக்கு?”

“நடுவுல கம்பி இல்ல. ஓரத்துல இருக்கு.”

“இப்போ இடது கண்ணைப் பொத்திக்க.”

“இதுல கம்பி இருக்கு. நெளியுது. தண்ணிக்குள்ள இருக்கிற மாதிரி.”

அவள் அவனுக்கும் கதவுக்கும் நடுவில் வந்து நின்றாள். “என் மூஞ்சி தெரியுதா?”

டெஸ் கொஞ்சம் யோசித்தான். பொய் சொல்லலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது. “முடி தெரியுது. கம்மல் தெரியுது. நடுவுல சரியா இல்ல.”

“எத்தனை நாளாடா இப்படி? ஏன் என்கிட்ட சொல்லல?”

“சொன்னேனே கிளென்,” என்றான் டெஸ். குரலில் குற்றம் சொல்லும் தொனியே இல்லை. “நடுவுல அழுக்கா தெரியுதுன்னு முதல்லயே சொன்னேன். அப்புறம் நீ பரீட்சை வெச்ச. நெவ் நேரா இருக்குன்னான், நீ நேரா இருக்குன்ன. பத்துக்கு நாலுன்னு எழுதிக் காட்டின. எனக்குத்தான் கிறுக்குப் புடிச்சிருக்குன்னு விட்டுட்டேன். அந்த உறைல நீ எழுதினதும் எனக்குத் தெரியல, சும்மாதான் பார்த்துட்டு இருந்தேன்.”

கிளெனிஸ் கார்ச் சாவியை எடுத்தாள். அழுவதற்கு நேரம் இல்லை. கண் கண்ணாடிக் கடை சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மூடிவிடும். டி.வி. கடைக்கு ஒட்டின கடை. ஆறு வாரமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அதன் வாசலைத் தாண்டித்தான் அவள் சண்டைக்குப் போனாள்.

பதினொன்று ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே கண் பரிசோதிக்கும் பெண் டெஸ்ஸின் கண்ணுக்குள் விளக்கை அடித்துப் பார்த்தாள், படம் எடுத்துப் பார்த்தாள். பிறகு கதவில் ‘மூடியாயிற்று’ அட்டையை மாட்டிவிட்டு, அடிலெய்டு ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டாள். “திங்கட்கிழமை வரைக்கும் வெச்சுக்காதீங்க. இப்பவே கிளம்புங்க,” என்றாள்.

இரண்டு மணி நேரப் பாதை. வழியெல்லாம் விதைத்து முடித்த வயல்கள். டெஸ் ரேடியோவில் ஆட்டத்தைக் கேட்டுக்கொண்டு வந்தான். அவன் அணி தோற்றுக்கொண்டிருந்தது. கிளெனிஸ் லாரிகளை முந்திக்கொண்டு ஓட்டினாள். அவள் இப்போது யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் கோபப்பட்டுக்கொண்டிருந்தாள். டேரில்மேல், நெவ்மேல், அந்தத் தபால் உறைமேல். எல்லாம் சுற்றி வந்து ஒரே இடத்தில்தான் நின்றது.

டாக்டர் ட்ரான் என்ற சின்னப் பெண் பார்த்தாள். பொறுமையாகப் படம் போட்டுக் காட்டிச் சொன்னாள். விழித்திரையின் நடுப்பகுதி, நேராகப் பார்ப்பதற்கு உள்ள இடம், அதற்குப் பின்னால் ரத்தம் கசிகிறது. இடது கண்ணில் கசிந்து, காய்ந்து, தழும்பாகிவிட்டது. அதற்கு இனி செய்ய ஒன்றும் இல்லை. வலது கண்ணில் இப்போதும் கசிகிறது. அதற்கு ஊசி போட வேண்டும். மாதா மாதம் போட வேண்டும்.

“ஊசி போட்டா பழையபடி தெரியுமா?” என்று கேட்டாள் கிளெனிஸ்.

“இருக்கிறதைக் காப்பாத்தப் பார்ப்போம். போனது முழுசா திரும்ப வராது.” டாக்டர் பேனாவை எடுத்தாள். “கோடு நெளிஞ்ச மாதிரி முதல்ல எப்போ தெரிஞ்சுது? நாள் முக்கியம். ஞாபகம் இருக்கா?”

“ஃபுட்டி ஆரம்பிச்ச சமயம்னு நினைக்கிறேன்,” என்றான் டெஸ். “சரியா சொல்லத் தெரியல.”

கிளெனிஸ் பையைத் திறந்தாள். கசங்கிய நோட்டுகளுக்கு நடுவிலிருந்து ஒரு ரசீதை எடுத்து, நீவி, மேஜைமேல் வைத்தாள். டாக்டர் அதை எடுத்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள்.

“இது ஏதோ கேபிள் வாங்கின ரசீது.”

“தேதியைப் பாருங்க,” என்றாள் கிளெனிஸ். “அன்னிக்குத்தான் அவனுக்கு முதல் முதலா தெரிஞ்சுது. அதுக்குத்தான் அதை வாங்கினான்.”

“மார்ச் பதினாறு.” டாக்டர் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்து வாய்க்குள் கணக்குப் போட்டாள். “பத்து வாரம். முதல் ரெண்டு வாரத்துல வந்திருந்தா…” கிளெனிஸின் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொண்டாள்.

“விடுங்க டாக்டர்,” என்றான் டெஸ். “நாங்க வேற சாமானைப் பழுது பார்த்துட்டு இருந்தோம்.”

ஊசி அறைக்குள் அவள் வரக்கூடாது என்றார்கள். டெஸ்ஸைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தலைக்குக் காகிதத் தொப்பி மாட்டினார்கள். பயந்துபோயிருந்தான். கண்ணில் ஊசி என்றால் யாருக்குத்தான் பயம் இருக்காது? கதவருகே வந்ததும் நர்ஸை நிறுத்தச் சொல்லி, அவள் நின்ற பக்கமாகத் தலையைச் சாய்த்தான். இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, இத்தனை வாரமாக அவன் ஏன் தன்னை ஓரக்கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருந்தான் என்று.

“கிளென், கேக்க மறந்துட்டேன். கடைல என்னாச்சு? பணம் குடுத்தானா?”

“குடுத்தான்.”

“முழுசாவா?”

“முழுசா,” என்றாள் கிளெனிஸ்.

“எனக்குத் தெரியும்,” என்றான் டெஸ் நர்ஸிடம், பெருமையாக. “இவ விட மாட்டா.”

கதவு மூடிக்கொண்டது. கிளெனிஸ் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் பையை வைத்துக்கொண்டு அழுதாள்.